நின்ற பேனாவும் யாதவகிரி வீடும்

நம் சங்க மலருக்குக் கதை, கட்டுரை கேட்டு உறுப்பினர் வீடுகளுக்குப் போகிற அன்பர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். "அதெல்லாம் ஒரு காலத்தில் எழுதினேன் சார், இப்போது எங்கே..." என்று இழுப்பார்கள். நல்ல காப்பி கிடைக்கும், கூடவே முறுக்கும் கிடைக்கும். கதை மட்டும் கிடைக்காது.

அந்த "இப்போது எங்கே" என்பதற்குப் பின்னால் வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருக்கிறது. 2001-ல் கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபோது குடும்பத்தோடு இடம் பெயர்ந்து வந்தவர் ஒருவர். மூன்று வருஷத்துக்கு ஓர் ஊர் என்று மாற்றலிலேயே பாதி வயது போனவர் இன்னொருவர். வீட்டில் ஒரு சாவு, ஒரு நீண்ட வியாதி, தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்துவிட்ட பிள்ளைகள் என்று காரணங்கள் பலவிதம். இவர்களில் யாரையும் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நின்ற பேனா மறுபடி ஓடுமா, ஓடினால் எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மைசூர் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய யாதவகிரியில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டைக் கட்டியவரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

திரு. ஆர்.கே. நாராயண் அவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். அவர் ஆங்கிலத்தில் எழுதியவர் ஆயிற்றே, தமிழ்ச் சங்க மலரில் அவருக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, தந்தை கிருஷ்ணசாமி ஐயர் மகாராஜா பள்ளியில் தலைமையாசிரியராக வந்ததால் மைசூருக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை அவர். வேலையை முன்னிட்டு எல்லை தாண்டி வந்த தமிழ்க் குடும்பம்தான் அதுவும். நம் வீடுகளுக்கும் அந்த வீட்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

1930-ஆம் ஆண்டு, பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அவர் முதல் நாவலைத் தொடங்கினார். மனதில் முதலில் தோன்றியது ஒரு சின்ன ரயில் நிலையம். அதற்குப் பிறகுதான் மால்குடி என்ற ஊரே வந்தது. இரும்புப் பாதையில் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தெருவும் ஆறும் கடைவீதியும் பிறகு வந்தவை. முதலில் வந்தது எங்கள் இலாகா!

அந்த நாவலின் கையெழுத்துப் பிரதி பல பதிப்பகங்கள் ஏறி இறங்கி, ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் மூலம் கிரகாம் கிரீன் என்ற ஆங்கில எழுத்தாளரிடம் போய்ச் சேர்ந்து, 1935-ல் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' என்ற பெயரில் லண்டனில் அச்சாயிற்று. 1937-ல் இரண்டாவது நாவல், 1938-ல் மூன்றாவது நாவல். பெயர் கிடைத்ததே தவிரப் பணம் பெரிதாக வரவில்லை. நடுவே சென்னையிலிருந்து வந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபராக இருந்து, ஊர் முழுக்க நடந்து செய்தி சேகரித்தார். 1937-ல் தந்தையும் காலமானார்.

திருமணக் கதை இன்னும் சுவையானது. 1933-ல் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜம் என்ற பெண்ணைப் பார்த்தார். அந்தக் காலத்து வழக்கத்தை மீறி, பெண்ணின் தந்தையிடம் தாமே போய்ப் பேசினார். ஜாதகம் பொருந்தவில்லை. செவ்வாய் இருக்கும் இடம் சரியில்லை என்று ஜோசியர்கள் சொன்னார்கள். அதையும் மீறி 1934-ல் கல்யாணம் நடந்தது. பெண் குழந்தை பிறந்து, ஹேமா என்று பெயர் வைத்தார்கள்.

1939 ஜூன் மாதம் ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். இன்றைய பிள்ளைகளுக்கு டைபாய்டு என்றால் ஒரு வாரம் மாத்திரை, ரசம் சாதம், பள்ளிக்கூடத்துக்கு லீவு. அன்று அந்தக் காய்ச்சலை நேராக அடக்கும் மருந்து கிடையாது. குளோரம்பெனிகால் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே 1947-ல்தான். அதற்கு முன் டாக்டர் வருவார், சூடு பார்ப்பார், கஞ்சி கொடுக்கச் சொல்வார். மற்றது காய்ச்சலின் கையில். ஜோசியம் பலித்துவிட்டது என்று அந்த நாளில் எத்தனை பேர் அவர் காதுபடப் பேசியிருப்பார்களோ! எட்டு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு மருந்து முன்னாலேயே வந்திருந்தால் ஜோசியம் என்ன செய்திருக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பேனா நின்றுவிட்டது. கையில் சின்னப் பெண் குழந்தை. அம்மா, தம்பிகள் எல்லோரும் சேர்ந்த கூட்டுக் குடும்பம் என்பதால் குழந்தைக்குக் குறை இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 'மை டேஸ்' என்று 1974-ல் வெளிவந்த தன் வரலாற்றில், அந்த நாட்களில் இனி எழுத்தே இல்லை என்கிற நிலையில் தாம் இருந்ததை மறைக்காமல் சொல்கிறார்.

அந்த நிலையில் சென்னையில் ஒரு வக்கீல் நண்பர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அந்த வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு, ஆவிகள் சொல்வதாகப் பென்சிலால் தாள் தாளாக எழுதுவாராம். ராஜம் பேசுவதாகவும் எழுதினார். நாராயண் அதை நம்பினார். அதனால் ஆறுதலும் பெற்றார். லெவலும் கேஜும் வைத்து அளந்தே பிழைத்த எனக்கு இந்த ஆவி விஷயத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். எழுத்தை விட்டுவிட்ட ஒரு மனிதர், தாளின்மேல் பென்சில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருக்கிறார். ஆவி வந்ததோ இல்லையோ, அந்தப் பழக்கம் அவரை விட்டு முழுவதும் போகவில்லை.

அதன்பின் நடந்ததை ஆண்டு வரிசையில் பார்த்தால்தான் விளங்கும். உடனே அவர் நாவல் எழுத உட்காரவில்லை. 'ஹிந்து' பத்திரிகைக்கு வாரக் கணக்கில் சின்னச் சின்னக் கதைகளும் கட்டுரைகளும் எழுதினார். வாரம் பிறந்தால் ஒன்று கொடுக்க வேண்டும். மனசு சரியில்லை என்று சொல்லி அச்சு இயந்திரத்தை நிறுத்த முடியாது. 1941-ல் 'இந்தியன் தாட்' என்ற காலாண்டுப் பத்திரிகையை மைசூரிலிருந்து தொடங்கினார். யுத்த காலம், காகிதத் தட்டுப்பாடு. மூன்று இதழோடு அது நின்றுபோயிற்று. நஷ்டம்தான். ஆனால் அச்சகத்துக்கு நடந்து, மெய்ப்பு திருத்தி, மற்றவர்கள் எழுத்தைக் கேட்டு வாங்கி, கடைக்கு அனுப்பி என்று வெளியுலகத்தோடு அவருக்குத் தினசரி வேலை வந்துவிட்டது. அந்த அச்சக அனுபவமே பின்னால் 1949-ல் வந்த 'மிஸ்டர் சம்பத்' நாவலுக்கு வித்து. யுத்தத்தால் லண்டன் பதிப்பகங்களோடு தொடர்பு அறுந்தபோது அதே 'இந்தியன் தாட்' பெயரில் தாமே பதிப்பாளரானார். 1943-ல் 'மால்குடி டேஸ்' முதலான கதைத் தொகுதிகள் அப்படி வந்தவை.

இதற்கெல்லாம் பிறகுதான், 1945-ல், 'தி இங்கிலீஷ் டீச்சர்' வந்தது. அப்போது கிரகாம் கிரீன் பொறுப்பில் இருந்த லண்டன் பதிப்பகமே அதை வெளியிட்டது. புத்தகம் ராஜத்துக்கு அர்ப்பணம். 1939-லிருந்து கணக்கிட்டால் ஆறு ஆண்டு.

இரும்புப் பாதை வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பழைய தண்டவாளத்தையும் ஜல்லியையும் பெயர்த்துப் புதிதாகப் போட்ட இடத்தில் முதல் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுப்போம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். ஜல்லியை இறுக்கி, வண்டிகள் ஓடி, பாதை படிந்த பிறகு 45, அப்புறம் 75, கடைசியில் வழக்கமான வேகம். பாதை கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அடியில் உள்ள ஜல்லி படிய நாள் பிடிக்கும். வாரக் கதைகள் நாராயண் அவர்களின் 20 கிலோமீட்டர் வேகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மால்குடியில் கல்லூரி ஆசிரியர் கிருஷ்ணன், மனைவி சுசீலா, குழந்தை லீலா. வீடு பார்க்கப் போன இடத்தில் தொடங்கும் கோளாறு டைபாய்டில் முடிந்து சுசீலா இறக்கிறாள். பின்பாதியில் ஆவியோடு பேசும் பகுதி வருகிறது. அதை ஏற்க முடியாத வாசகர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் முன்பாதிக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. அதில் பெரிய சம்பவமே கிடையாது. நேரம் சரியாகக் காட்டாத பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை மனைவி பழைய பேப்பர்காரனிடம் தள்ளிவிடுகிறாள். அதற்காகக் கணவன் சண்டை போடுகிறான். மாதச் சாமான் பட்டியலில் அவள் கெட்டி. இந்த மாதிரி விஷயங்கள்தான். நோய் நாட்களையும் அப்படியே, இன்று சூடு எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார் என்று குரல் உயர்த்தாமல் எழுதிக்கொண்டு போகிறார். இதில் கற்பனை மிகக் குறைவு என்று அவரே 'மை டேஸ்' நூலில் ஒப்புக்கொள்கிறார். எது அவர் பேனாவை நிறுத்தியதோ அதுவே அவருடைய புத்தகம் ஆயிற்று.

இந்தப் புத்தகம் என் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திருச்சிப் பக்கம் பிறந்து, டிப்ளமா முடித்து, 1981-ல் ரயில்வேயில் பி.வே. பிரிவில் சேர்ந்தேன். படிக்கிற காலத்தில் இரண்டு கதைகள் வாரப் பத்திரிகையில் வந்திருந்தன. கல்யாணமான பிறகும் எழுதினேன். மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றிய வருஷங்களில் கேம்ப் கோச்சில் படுத்துக்கொண்டுகூட எழுதியதுண்டு. முதல் வாசகி என் துணைவியார். கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க படிங்க, நான் கேக்கறேன்" என்பார். பாதியில் நிறுத்தி, "இந்தக் கேங்மேன் இப்படிப் பேசவே மாட்டாங்க" என்பார். குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டிலேயே கேங்மேன் குடும்பம் என்பதால் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2018-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, இரண்டு நாள் முழுதாக ஆகவில்லை, போய்விட்டார். அதன்பின் நான் எத்தனையோ தாள் எழுதினேன். இறப்புச் சான்றிதழுக்கு மனு, வங்கிக்குக் கடிதம், 2020-ல் ஓய்வு பெற்றபோது பென்ஷன் தாள்கள். அவையெல்லாம் தடையில்லாமல் வந்தன. கதை என்று உட்கார்ந்தால், 'அவள்' என்று ஒரு சொல் வந்ததும் கை நின்றுவிடும். மூன்று வருஷம் அப்படி. நண்பர்கள் கேட்டால், "இப்போது எங்கே" என்று நானும் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

என் மகள்தான் ஒரு நாள் 'தி இங்கிலீஷ் டீச்சர்' புத்தகத்தைக் கொண்டுவந்து, "படிச்சுப் பாருங்கப்பா, பிடிக்கலைன்னா வெச்சிடுங்க" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். என் ஆங்கிலம் இலாகா ஆங்கிலம். ஆனாலும் அந்த நடை என்னைத் தடுக்கவில்லை. கடிகாரச் சண்டை வந்த பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் நடந்தது ஒரு டிரான்சிஸ்டர் சண்டை. அன்று இரவு அதை எழுதினேன், கதையாக அல்ல. பாதை பார்க்கப் போனால் தேதி, நேரம், கிலோமீட்டர், கண்டது என்று டயரி எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். அதே முறையில் நாளுக்கு ஐந்து வரி. டிரான்சிஸ்டர் சண்டை, இன்ன வருஷம், இன்ன குவார்ட்டர்ஸ். கீரைக்காரியோடு அவர் பேசும் அரைகுறைக் கன்னடம். மழைக்காலத்தில் நான் இரவு ரோந்துக்குப் போனால் திண்ணையில் அவர் வைக்கும் அரிக்கேன் விளக்கு. ஐந்து வரிக்கு மேல் எழுதக்கூடாது என்று எனக்கு நானே காஷன் ஆர்டர் போட்டுக்கொண்டேன்.

எட்டு மாதம் போல ஆனபோது ஒரு நாள், ஐந்தாவது வரியில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். ஒரு கீமேனும் அவன் மனைவியும். சென்ற ஆண்டு நம் மலரில் வந்த 'கீமேன்' கதை அதுதான். அச்சுக்குக் கொடுக்கும் முன் மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கீமேன் மனைவி பேசும் இடம் வந்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேம்ப்பா. அந்த இடத்தை இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

எல்லோருக்கும் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தி அவர்கள் மணிக்கொடி காலத்துக் கவிஞர். கோயில் நிர்வாக அதிகாரி வேலையில் பல வருஷம் கவிதையை விட்டு ஒதுங்கியிருந்து, 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய பிறகு, அறுபதை நெருங்கும் வயதில் புதுக்கவிதையோடு திரும்பி வந்தார். அவரைத் திரும்ப அழைத்தது ஒரு சிறு பத்திரிகை. அண்மைக் காலத்தில் பெருமாள்முருகன் அவர்கள், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவித்ததை அன்பர்கள் அறிவார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன்பின் முதலில் அவர் வெளியிட்டது, மௌன காலத்தில் எழுதி வைத்திருந்த சின்னச் சின்னக் கவிதைகள். 'கோழையின் பாடல்கள்' என்று பெயர். அடுத்து வந்த 'பூனாச்சி' நாவல் ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் கதை. மனிதரைப் பற்றி எழுதத் தயக்கம் என்பதால் ஆடுகளிடம் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். நாராயண் காயத்துக்குள்ளேயே போனார், இவர் சுற்று வழியில் போனார். இருவரும் முதலில் கையில் எடுத்தது சிறிய வடிவத்தைத்தான்.

நாராயண் அவர்கள் 1950-களில் யாதவகிரி வீட்டுக்குக் குடியேறினார். 'கைடு' நாவல் 1958-ல் வந்தது. 1960-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு. அதன் நாயகன் ராஜு ரயில் நிலையத்தில் கடை வைத்திருந்தவன் என்பதை இரும்புப் பாதைக்காரர்கள் சார்பில் நினைவூட்டுகிறேன். அவர் 2001 மே 13-ஆம் நாள் சென்னையில் காலமானார். 2011-ல் அந்த வீட்டை இடிக்கத் தொடங்கி, பத்திரிகைகளில் செய்தி வந்து, வேலை நின்றது. பின்னர் அரசு தரப்பில் வாங்கிப் பழுது பார்த்து, 2016-ல் நினைவில்லமாகத் திறந்தார்கள்.

சென்ற தசரா விடுமுறையில் மகளையும் பேரனையும் அங்கே அழைத்துப் போனேன். ஒரு பக்கம் வளைந்து முழுக்க ஜன்னலாக இருக்கும் அறை அவர் எழுதுவதற்கென்றே கட்டியது. எட்டு ஜன்னல்கள். தெற்கே சாமுண்டி மலைக் கோயில், மற்றொரு பக்கம் மேய்ச்சல் நிலம், சரிவில் குறுக்கே போகும் ரயில் வண்டி எல்லாம் தெரிந்ததாக எழுதியிருக்கிறார். காட்சி அவ்வளவு அழகாக இருந்ததால் வேலையே ஓடவில்லையாம். அதனால் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலுக்குச் சாம்பல் நிறத் திரை போட்டு மூடிவிட்டு, நாளுக்கு ஆயிரம் சொல் எழுதினாராம்.

இதைப் பேரனுக்குச் சொன்னேன். அவன் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறவன், தமிழ் காதோடு சரி. "நீ எவ்ளோ எழுதுவே தாத்தா?" என்றான். "அஞ்சு வரி" என்றேன். "அவ்ளோதானா?" என்றான். இப்போது பத்து வரி ஆகியிருக்கிறது என்று சொல்வதற்குள் அரசிகெரே பக்கம் போகும் வண்டியின் ஹாரன் கேட்டது. அவன் ஜன்னலுக்கு ஓடினான். இப்போது நடுவில் கட்டிடங்கள். வண்டி தெரியவில்லை.